தன்னை அறிதலும் தன்னை ஆளுதலும்

(சுருளிப்பட்டியில் நடைபெற்ற கல்விச் சங்க வெள்ளி விழாவில், அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வெள்ளி விழா என்றால் சாதனைகளைப் பட்டியலிட்டு மகிழ்வது மரபு. அப்பணியைச் செயலாளர் தம் ஆண்டறிக்கையில் செவ்வனே செய்துவிட்டார். எனவே நாம் வேறொரு பொருளைப் பற்றிப் பேச விழைகிறோம். அது பாராட்டும் அன்று, குறை கூறலும் அன்று. நம்மை நாமே பார்த்துக்கொள்வது எப்படி, நம்மை நாமே நடத்திக்கொள்வது எப்படி என்பதே அது. உளவியல் அறிஞர்கள் இதனைத் தன்னறிவு என்றும், தற்கட்டுப்பாடு என்றும் பெயரிட்டு ஆராய்ந்து வருகின்றனர். வள்ளுவர் பெருமான் அடக்கமுடைமை என்றும் குற்றங்கடிதல் என்றும் தனித்தனி அதிகாரங்களே வகுத்திருக்கிறார் என்பதை இளைஞர்கள் அறிவர்.

நம் பகுதியில் திராட்சைக் கொடிக்குக் கவாத்து செய்வதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். பலர் செய்தும் இருக்கிறோம். பிறர் தோட்டத்தில் கத்தரிக்கோலைப் பிடிக்கும்போது கை தயங்குவதில்லை. எந்தக் கிளையை விட வேண்டும், எதை வெட்ட வேண்டும் என்பது பளிச்சென்று தெரியும். தாமே குத்தகைக்கு எடுத்து வளர்த்த கொடியின் முன் நிற்கும்போதோ, அதே கை நடுங்குகிறது. அறிவு குறைந்துவிடவில்லை, பார்வைதான் மாறிவிட்டது. தன்னைப் பார்ப்பதில் மனிதனுக்கு உள்ள இடர்ப்பாடு இத்தகையதே.

இதை விளக்க, நூல்களுக்கு முன் நம் சொந்தப் பிழைகள் இரண்டினை இம்மேடையில் கூற வேண்டியிருக்கிறது. கூறாமல் விட்டால் இவ்வுரைக்குப் பொருளில்லை.

எழுந்து நின்ற சிறுவன்

பல ஆண்டுகளுக்கு முன், நாம் பணியாற்றிய ஒரு பள்ளியில், ஆண்டுதோறும் உதவித்தொகைப் படிவங்களோடு வகுப்பினுள் நுழைந்து, “எஸ்.சி. பிள்ளைகளெல்லாம் எழுந்து நில்லுங்கள்” என்று உரக்கக் கூறுவது நம் வழக்கமாக இருந்தது. அவ்வகுப்பில் ஒரு சிறுவன் இருந்தான். கணக்கில் சூட்டிகையானவன். கரும்பலகையில் கணக்கை எழுதி முடிக்குமுன் அவன் கை உயர்ந்துவிடும். ஆனால் படிவம் கொடுத்த நாள்களில் மட்டும் அந்தக் கை மாலைவரை உயர்வதில்லை. நாம் அதைச் சோம்பல் என்று எண்ணினோம். ஒருமுறை கடிந்தும் கொண்டோம்.

ஒருநாள் அவன் தனியே வந்து, “சார், என் படிவத்தை மட்டும் ஆபீஸ் ரூமில் வந்து வாங்கிக்கொள்ளட்டுமா?” என்று கேட்டான். நாம் சொன்ன விடை இதுதான்: “இதில் என்னடா வெட்கம்? நானும் நம்ம தெருக்காரன்தான். நெஞ்சை நிமிர்த்தி நில்.” அவனுக்குத் துணிவூட்டிவிட்டதாக அன்று நமக்குப் பெருமை. மறு ஆண்டும் அவனை எழுப்பி நிறுத்தினோம்.

பின்னாளில் ஓர் ஆய்வைப் பற்றிப் படிக்க நேர்ந்தது. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்னும் இரு பொருளியல் அறிஞர்கள் உத்தரப்பிரதேசக் கிராமப்புறத்தில் நடத்தி, 2004-இலும் 2006-இலும் வெளியிட்ட ஆய்வு அது. உயர்சாதிச் சிறுவர்கள் 321 பேர், தாழ்த்தப்பட்ட சாதிச் சிறுவர்கள் 321 பேர். அவர்களிடம் வழி கண்டுபிடிக்கும் புதிர்ப்படங்களைக் கொடுத்து, சரியாகத் தீர்ப்பதற்குக் காசும் தருவதாகக் கூறினர். சாதியை எவரும் கூறாதபோது இரு சாராரும் ஏறத்தாழ ஒரே அளவில் புதிர்களைத் தீர்த்தனர். திறமையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை. ஆனால் சிறுவர்களின் பெயரோடு சாதியையும் எல்லோர் முன்னிலையிலும் படித்துவிட்டுப் புதிரைக் கொடுத்தபோது, தாழ்த்தப்பட்ட சிறுவர்கள் தீர்த்த எண்ணிக்கை சரிந்தது. அதே வயது, அதே புதிர், அதே காசு. இடையில் வந்தது ஓர் அறிவிப்பு மட்டுமே.

அவ்வறிஞர்கள் மேலும் ஒன்றைச் சோதித்தனர். பரிசு கிடைப்பது மனிதரின் கையில் இல்லாமல் குலுக்கலைப் பொறுத்தது என்று ஆக்கியபோது, சாதி அறிவிக்கப்பட்டிருந்தும் அந்த இடைவெளி மறைந்தது. இதன் பொருளை இளைஞர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். அச்சிறுவர்களின் மூளையில் குறை இல்லை. துணிவிலும் குறை இல்லை. சாதி தெரிந்தவர் நம்மை நேர்மையாக மதிப்பிட மாட்டார் என்று அவர்கள் எதிர்பார்த்தனர். அந்த எதிர்பார்ப்பு கற்பனையில் பிறந்ததன்று. தலைமுறை தலைமுறையாகப் பெற்ற அனுபவத்தில் பிறந்தது.

எனவே, “எல்லாம் உன் மனத்தில்தான் இருக்கிறது, தாழ்வு மனப்பான்மையை விடு” என்று நம் பிள்ளைகளுக்கு அறிவுரை கூறுவோர் பாதி உண்மையை மட்டுமே கூறுகின்றனர். நோய் சமுதாயத்தில் இருக்கிறது. அதன் காய்ச்சல் பிள்ளையின் உடலில் தெரிகிறது. காய்ச்சல் கண்ட பிள்ளையைக் குற்றவாளியாக்குவது எவ்வகையில் நியாயம்?

இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் 1939-இல் வெளியிட்ட தம் வாழ்க்கை வரலாற்றுச் சுருக்கத்தில், கோயம்புத்தூரில் படித்த நாள்களை நினைவுகூர்கிறார். உடன் படிப்போரோடு நெருங்கிப் பழகினால் சாதி தெரிந்துவிடும், தெரிந்தால் தாழ்வாக நடத்துவார்கள் என்று அஞ்சி, மணி அடிக்கும்வரை பள்ளிக்கு வெளியே எங்கேனும் இருந்து படித்துக்கொண்டிருந்து, பிறகே வகுப்பிற்குள் செல்வாராம். பிற்காலத்தில் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரோடு அமர்ந்து வாதாடிய பெருமகன் அவர். அத்தகையவரே பள்ளி வாசலில் மணியோசைக்காகக் காத்து நின்றார் என்றால், அந்த அச்சத்தைச் சுமந்துகொண்டே படிப்பதற்கு எவ்வளவு மன ஆற்றல் செலவாகியிருக்கும்! மற்றப் பிள்ளைகள் அந்த ஆற்றலை முழுதும் பாடத்திற்கே செலவிட்டார்கள். நம் பிள்ளை பாதியைத் தன்னை மறைத்துக்கொள்வதற்கே செலவிட வேண்டியிருந்தது.

2023-இல் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவன் சாதி வெறிக்கு ஆளாகி வெட்டப்பட்ட கொடுமைக்குப் பின், தமிழக அரசு ஓய்வுபெற்ற நீதியரசர் கே. சந்துரு அவர்கள் தலைமையில் ஒருநபர் குழுவை அமைத்தது. 2024-இல் அளிக்கப்பட்ட அவ்வறிக்கை, வருகைப் பதிவேட்டில் மாணவரின் சாதிக் குறிப்பு இருத்தலாகாது என்றும், ஆசிரியர் மாணவரைச் சாதியைச் சுட்டி அழைத்தலாகாது என்றும் பரிந்துரைத்தது. அதைப் படித்தபோது நம் நெஞ்சில் அந்தச் சிறுவனின் முகமே தோன்றியது. அவன் பல ஆண்டுகளுக்கு முன்பே, குழு ஏதும் இன்றி, ஒரே வரியில் நம்மிடம் அதே பரிந்துரையைத் தந்தான். நாம் ஏற்கவில்லை. இன்று அவர் எந்த ஊரில் இருக்கிறாரோ, அறியோம். இம்மலர் அவர் கையில் கிடைக்குமாயின், இப்பக்கத்தை நம் மன்னிப்புக் கடிதமாக ஏற்றுக்கொள்ள வேண்டுகிறோம்.

திருத்திய கை

இரண்டாவது பிழை இன்னும் கசப்பானது. மற்றொரு பள்ளியில் ஓர் அரையாண்டுத் தேர்வின்போது, நாம் திருத்திய தமிழ்க் கட்டுரை விடைத்தாள்களை, பெயர்ப் பகுதியை மடித்து ஒட்டி, மதிப்பெண்ணையும் மறைத்து, நண்பரான வேறோர் ஆசிரியரிடம் மறுமுறை திருத்தக் கொடுத்தோம். விளையாட்டாகத் தொடங்கிய சோதனை அது. முடிவில் ஒப்பிட்டுப் பார்த்தால், நம் தெருப் பிள்ளைகள் பலருக்கு அவர் நம்மைவிட இரண்டு, மூன்று மதிப்பெண் கூடுதலாகக் கொடுத்திருந்தார். மற்றப் பிள்ளைகளுக்கு அத்தகைய வேறுபாடு தென்படவில்லை.

நாம் நம் பிள்ளைகளை வெறுத்தோமா? இல்லவே இல்லை. “தம் இனத்துக்குச் சலுகை காட்டுகிறார்” என்று எவரும் சொல்லிவிடக் கூடாதே என்னும் அச்சம் ஒருபுறம். “நம் பிள்ளை இன்னும் நன்றாக எழுத வேண்டும்” என்னும் கண்டிப்பு மறுபுறம். இரண்டும் சேர்ந்து சிவப்பு மையை இறுக்கிப் பிடித்தன. நமக்கோ அது நடுநிலையாகத் தோன்றியது.

ஒரு வகுப்பில், ஒருமுறை நடந்ததை வைத்து முடிவு கட்டலாகாது. ஆயினும், ரேமா ஹன்னா, லீ லிண்டன் என்னும் அறிஞர்கள் நம் நாட்டில் நடத்தி 2012-இல் வெளியிட்ட ஆய்வு இதையே பெரிய அளவில் காட்டுகிறது. விடைத்தாளின் முகப்பில் மாணவரின் சாதி முதலிய விவரங்களைக் குலுக்கல் முறையில் மாற்றி மாற்றி எழுதி, ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தனர். தாழ்ந்த சாதி என்று குறிக்கப்பட்ட தாளுக்குச் சற்றுக் குறைவாகவே மதிப்பெண் விழுந்தது. வேறுபாடு பெரிதன்று, ஆனால் இருந்தது. அதனினும் வியப்பு யாதெனில், அந்தக் குறைப்பு பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட சாதிகளைச் சேர்ந்த ஆசிரியர்களின் கையிலிருந்தே வந்தது.

இதைக் கேட்டு எவரும், “பார்த்தீர்களா, குற்றம் அவர்களுடையதே” என்று மகிழ வேண்டா. சாதி ஒரு மாடிக் கட்டடம் போன்றது. ஒவ்வொரு தட்டிலும் உள்ளவனுக்குத் தன் கீழே ஒரு தட்டு காட்டப்படுகிறது என்பதை அண்ணல் அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்னும் கருத்தால் விளக்கினார். அந்தக் கட்டடத்தின் அளவுகோல், அதனால் நசுக்கப்பட்டவனின் கையிலும் ஏறிவிடுகிறது என்பதே இங்குப் பாடம்.

எமிலி புரோனின் என்னும் உளவியலாளரும் அவருடைய தோழர்களும் 2002-இல் வெளியிட்ட ஆய்வொன்று, மக்கள் ஒருதலைச் சாய்வைப் பிறரிடம் எளிதில் காண்கின்றனர், தம்மிடம் குறைவாகவே காண்கின்றனர் என்று நிறுவியது. மனச்சாய்வுகளை ஆராய்ந்து 2002-இல் நோபல் பரிசு பெற்ற டேனியல் கானமனோ, இத்துறையில் வாழ்நாளெல்லாம் உழைத்த பின்னும், தம் சொந்தத் தீர்ப்புகள் பெரிதாகத் திருந்திவிடவில்லை என்றே எழுதினார். அப்படியானால் வழி என்ன? நல்ல மனத்தை மட்டும் நம்பாமல் நல்ல முறையை ஏற்படுத்துவதே வழி. பொதுத் தேர்வில் திருத்துபவருக்கு மாணவரின் பெயர் தெரியாதவாறு செய்திருப்பது இதற்காகவே. பெயரை மடித்து ஒட்டுவதற்குத் தேவையானது சிறிது பசை மட்டுமே. அன்று முதல் நாம் பெயர் தெரியத் திருத்துவதில்லை.

படித்தோம் என்னும் மயக்கம்

இனி, போட்டித் தேர்வுகளுக்கு ஆயத்தமாகும் இளைஞர்களிடம் சில சொற்கள். நம் சங்கப் படிப்பகத்தில் அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் நான்காம் தொகுதித் தேர்வுக்குப் படிப்போர் பலர். “எல்லாம் படித்து முடித்துவிட்டேன் ஐயா” என்று கூறிச் சென்றவர், தேர்வு முடிந்ததும், “படித்ததுதான், நினைவுக்கு வரவில்லை” என்று கூறுவதைப் பலமுறை கேட்டிருக்கிறோம். அவர் பொய் கூறவில்லை. மனம் அவரிடம் பொய் கூறிவிட்டது.

ரோடிகர், கார்பிக் என்னும் அமெரிக்க அறிஞர்கள் 2006-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒரு பிரிவு மாணவர் ஒரு பத்தியை நான்கு முறை படித்தனர். மற்றொரு பிரிவினர் ஒருமுறை படித்துவிட்டு, புத்தகத்தை மூடி, நினைவிலிருந்ததை மூன்று முறை எழுதிப் பார்த்தனர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, நான்கு முறை படித்தவர்களே முன்னின்றனர். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோதோ, படித்துக்கொண்டே இருந்தவர்களுக்கு நினைவிருந்தது ஏறத்தாழ 40 விழுக்காடு. மூடி எழுதிப் பார்த்தவர்களுக்கு ஏறத்தாழ 61 விழுக்காடு. தமக்கு நன்றாக நினைவிருக்கும் என்று கூடுதலாக நம்பியவர்கள், தோற்ற பிரிவினரே. மீண்டும் மீண்டும் படிக்கும்போது வரிகள் பழகிவிடுகின்றன. பழக்கத்தை மனம் அறிவு என்று கொள்கிறது. இதே மயக்கம் நம் படிப்பகத்திலும் நடமாடுகிறது.

ஜஸ்டின் குரூகர், டேவிட் டன்னிங் ஆகியோர் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், சோதனையில் கடைசி நான்கில் ஒரு பங்கினர், நூறு பேர் வரிசையில் ஏறத்தாழ 12-ஆம் இடத்திற்கு ஒத்த நிலையில் இருந்துகொண்டு, தம்மை 62-ஆம் இடத்தில் இருப்பதாக மதித்தனர். இங்கு எண் கூடக் கூடத் தரம் உயர்வதாகக் கொள்க. அதே ஆய்வில், முதல் வரிசையில் நின்றவர்கள் தம் இடத்தைச் சற்றுத் தாழ்த்தி மதித்தனர். இக்கணக்கின் ஒரு பகுதி புள்ளிவிவரத்தின் இயல்பாலேயே விளைவது என்று பின்வந்தோர் சிலர் வாதிட்டதும் உண்டு. எனினும் நமக்கான பாடம் தெளிவு. நம் தெருவில் இரு வகைப் பிள்ளைகளும் உண்டு. ஒருவன் ஒன்றும் ஆயத்தமாகாமலே வென்றுவிடுவேன் என்கிறான். மற்றொருத்தி நன்றாகப் படித்தும், “நமக்கெல்லாம் எங்கே கிடைக்கப் போகிறது” என்று விண்ணப்பமே போடாமல் விடுகிறாள். முன்னவனுக்கும் பின்னவளுக்கும் மருந்து ஒன்றுதான்: பழைய வினாத்தாளை எடுத்து, கடிகாரத்தை வைத்து, எழுதிப் பார்த்துப் பிறரைத் திருத்தச் சொல்வது. எண் பொய் சொல்லாது. அது மிகையான நம்பிக்கையையும் குறைக்கும், வீணான அச்சத்தையும் போக்கும்.

காலத்தைக் கணிப்பதிலும் இதே கதைதான். 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், கல்லூரி மாணவர்கள் தம் ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாள் ஆகும் என்றனர். ஆனதோ 55 நாளுக்கு மேல். ஆகவே, “மார்கழிக்குள் பாடம் முழுவதும் முடித்துவிடுவேன்” என்னும் இளைஞர், சென்ற ஆண்டு இதே சொல்லைச் சொன்னபோது உண்மையில் எம்மாதத்தில் முடித்தார் என்று நினைத்துப் பார்த்துக் கணக்கிடுவது நலம்.

கடன் சுமந்த மனம்

இங்கே பெற்றோர் சிலர், “ஐயா, எங்களுக்கெல்லாம் நாளையைப் பற்றி நினைக்கத் தெரியவில்லை, அதனால்தான் இந்நிலை” என்று தம்மைத் தாமே நொந்துகொள்வதைக் கேட்டிருக்கிறோம். அவர்களுக்காக, நம் தமிழகத்திலேயே நடந்த ஓர் ஆய்வைக் கூறுகிறோம்.

ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவ் ஆகிய நால்வர் 2013-இல் அதை வெளியிட்டனர். விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களைச் சார்ந்த 54 ஊர்களில் 464 சிறு கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன் ஒருமுறையும், அறுவடைக்குப் பின் ஒருமுறையும் சோதித்தனர். அறுவடைக்கு முன் கையில் காசில்லை, அடகு வைத்தல் மிகுதி, கடன் மிகுதி. அறுவடைக்குப் பின் கை சற்று நிறைந்திருந்தது. வடிவங்களின் வரிசையில் விடுபட்டதைக் கண்டுபிடிக்கும் சோதனையில், அதே மனிதர்கள் அறுவடைக்கு முன் சராசரியாக 4.35 விடைகளும், பின் 5.45 விடைகளும் சரியாகக் கூறினர். மனிதர் மாறவில்லை, அறிவும் மாறவில்லை. வட்டிக் கவலை மனத்தின் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. அது நீங்கியதும் இடம் கிடைத்தது என்பதே அவர்கள் தந்த விளக்கம்.

நேர்மையாக இன்னொன்றும் கூற வேண்டும். 2016-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, ஏழைக் குடும்பத்தாரிடம் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் அத்தகைய அறிவாற்றல் வேறுபாட்டைக் காணவில்லை. ஆகவே இது முடிந்த முடிபன்று. ஆயினும், வறியவன் அறிவிலி என்பதால் வறியவனானான் என்னும் பழைய பழிச்சொல்லைத் திருப்பிப் போட்டு, வறுமையே அறிவின் கைகளைக் கட்டக்கூடும் என்று கேட்க வைத்தது அவ்வாய்வு.

நம் ஊரில் இது எம்மாதத்தில் நிகழ்கிறது? ஜூன் மாதத்தில். பள்ளி திறக்கிறது, நோட்டு, பை, கல்லூரிக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் ஒரே வாரத்தில் வந்து நிற்கின்றன. எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் என்னும் வாழ்நாள் முடிவை, கந்துவட்டிக்காரர் வாசலில் நிற்கும் அதே வாரத்தில் எடுக்கிறோம். அம்முடிவு பிழைபட்டால் அதில் வியப்பென்ன? பெரிய முடிவுகளைக் கவலை குறைந்த காலத்தில் எடுப்பதும், கவலைக் காலத்திற்கென முன்கூட்டியே ஒரு சிறு நிதியைச் சேர்ப்பதும் அறிவுடைமையாகும்.

காத்திருந்த பிள்ளையும் ஏமாந்த பிள்ளையும்

தற்கட்டுப்பாட்டைப் பற்றிப் பேசுவோர் அனைவரும் வால்டர் மிஷெல் என்னும் அறிஞரின் இனிப்புச் சோதனையைக் கூறுவர். 1960-களின் இறுதியில் ஸ்டான்ஃபோர்டுப் பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் அது தொடங்கியது. பிள்ளை முன் ஓர் இனிப்பை வைத்து, “நான் திரும்பி வரும்வரை உண்ணாதிருந்தால் இரண்டு தருவேன்” என்று கூறிச் செல்வர். காத்திருந்த பிள்ளைகள் பிற்காலத்தில் படிப்பில் சிறந்தனர் என்று பரவலாகப் பேசப்பட்டது. 2018-இல் தொள்ளாயிரத்திற்கும் மேற்பட்ட பிள்ளைகளின் விவரங்களைக் கொண்டு மீண்டும் ஆராய்ந்தபோது, அத்தொடர்பு முன்பு கூறியதில் பாதியளவே இருந்தது. குடும்பப் பின்னணியைக் கணக்கில் சேர்த்ததும் மேலும் வெகுவாகச் சுருங்கியது.

நமக்கு இதனினும் முக்கியமான ஆய்வு, செலஸ்ட் கிட் என்பவரும் தோழர்களும் 2013-இல் வெளியிட்டது. 28 பிள்ளைகள். பாதிப் பேரிடம், “நல்ல வண்ணக்கோல்கள் கொண்டு வருகிறேன்” என்று கூறிச் சென்றவர், வெறுங்கையோடு திரும்பினார். மற்றப் பாதியினரிடம் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அதன் பின்னரே இனிப்பை வைத்தனர். ஏமாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாக மூன்று நிமிடம் காத்திருந்தனர்; சொல் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தனர்.

அப்படியானால், பொறுமை என்பது பிறவிக் குணம் மட்டுமன்று. நம்பிக்கையின் பயனும் ஆகும். வாக்குறுதிகள் பொய்த்தே பழகிய தெருவில் பிறந்த பிள்ளை, கிடைத்ததை உடனே பற்றிக்கொள்வது அறிவீனம் என்று எப்படிச் சொல்வது? ஆகவே பெற்றோரே, சிறு சொல்லாயினும் காப்பாற்றுங்கள். சனிக்கிழமை சம்பளத்தில் பேனா வாங்கித் தருவதாகச் சொன்னால், அன்றே வாங்கித் தாருங்கள். முடியாதென்றால் முதலிலேயே முடியாதென்று சொல்லுங்கள். சங்கமும் அவ்வாறே நடக்க வேண்டும். அறிவித்த பரிசை அறிவித்த நாளில் வழங்காத சங்கம், பிள்ளைகளுக்குப் பொறுமையைப் போதிக்கும் தகுதியை இழக்கிறது.

இளைஞர்களுக்கு ஓர் எளிய முறையும் உண்டு. பீட்டர் கோல்விட்சர் என்னும் உளவியலாளர் ஆராய்ந்து நிறுவியது. “நன்றாகப் படிப்பேன்” என்று உறுதி பூணுவதைவிட, “இன்ன நேரத்தில், இன்ன இடத்தில், இன்னது நிகழ்ந்தால், இன்னது செய்வேன்” என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைப்பது கூடுதலாகப் பலிக்கிறது. 94 சோதனைகளைத் தொகுத்து 2006-இல் வெளியான ஆய்வு இதை உறுதிப்படுத்தியது. “இரவு உணவு முடிந்து தட்டைக் கழுவி வைத்ததும், கைப்பேசியை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் படிப்பகத்திற்குச் செல்வேன்.” இவ்வளவுதான். உறுதி உள்ளத்தில் இருந்தால் ஊசலாடும். தட்டோடு கட்டிவிட்டால் தட்டு நினைவூட்டும்.

சங்கத்தின் முன் சில வேண்டுகோள்கள்

பேசியவற்றைச் செயலாக்கும் பொருட்டு, நிர்வாகிகளின் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறோம். முதலாவது, நம் படிப்பகத் தேர்வுகளில் பெயருக்குப் பதில் எண் எழுதும் முறை வேண்டும். நம்மவர் நம்மவரைத் திருத்தும்போதும் அது தேவை. இரண்டாவது, உதவித்தொகைப் படிவம் முதலியவற்றைப் பிள்ளைகள் தனியே பெற்றுக்கொள்ளும்படி அந்தந்தப் பள்ளித் தலைமையாசிரியர்களைச் சங்கத்தின் சார்பில் நேரில் கண்டு வேண்டிக்கொள்ள வேண்டும். நம் பள்ளியில் அது நடைமுறைக்கு வந்துவிட்டது. மூன்றாவது, ஞாயிறுதோறும் புத்தகத்தை மூடி எழுதிப் பார்க்கும் தேர்வு நடைபெற வேண்டும். நான்காவது, திராட்சை அறுவடைக் கூலியும் ஏலத்தோட்டக் கூலியும் சற்றுத் தாராளமாக வரும் மாதங்களில் வாரம் ஒரு சிறு தொகையைச் சேர்த்து, ஜூன் மாதத்தில் கல்விச் செலவுக்கென வழங்கும் நிதி ஒன்று தொடங்க வேண்டும். முதல் தவணையை இம்மேடையிலேயே பொருளாளரிடம் ஒப்படைக்கிறோம்.

அண்ணல் அம்பேத்கர் 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, அடுத்த ஆண்டே பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் தோற்றுவித்தார். உரிமைக்கான போராட்டத்தின் நடுவிலும் கல்விக்கூடம் அமைப்பதை அவர் ஒத்திப்போடவில்லை. வெளியே உள்ள சுவரை இடிப்பதும், அச்சுவர் நம் உள்ளத்தில் வீழ்த்தியிருக்கும் நிழலை அறிவதும் ஒரே பணியின் இரு பகுதிகள். நிழலை விரட்டினால் சுவர் விழுந்துவிடும் என்று எண்ணலாகாது. சுவர் விழும்வரை நிழலைப் பாராதிருத்தலும் ஆகாது.

மாணவச் செல்வங்களே! உங்களை எவரேனும் எழுப்பி நிறுத்தினால், உங்கள் கை உயராமல் போனால், அது உங்கள் குறையன்று என்று அறியுங்கள். அறிந்தபின் கையை உயர்த்துங்கள். ஆசிரியப் பெருமக்களே! ஒரு பிள்ளை தனியே வந்து மெல்லிய குரலில் ஏதேனும் கேட்டால், அறிவுரை கூறுமுன் ஒரு கணம் நின்று செவி கொடுங்கள். நாம் அன்று அந்த ஒரு கணம் நிற்கவில்லை.

சங்கம் பொன்விழா காண்க, கல்வி ஓங்குக, சமத்துவம் மலர்க!